ஞாயிற்றுக்கிழமை எந்த அலமாரியில்?

தோ பாயோ சென்ட்ரல்

தோ பாயோ பொது நூலகக் கட்டடத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1973 செப்டம்பரில் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள் சிங்கப்பூரில் நடந்தபோது, ஏழு நாடுகளின் வீரர்களும் தங்கியது இங்கே அப்போதுதான் எழுந்திருந்த நான்கு உயரமான புளோக்குகளில். போட்டிகளின் செயலகம் இந்தக் கட்டடத்தில் இயங்கியது. வீரர்கள் ஊர் திரும்பினார்கள், வீடுகள் குடும்பங்களுக்குப் போயின, செயலகம் இருந்த இடம் 1974-ல் நூலகமாயிற்று. குவீன்ஸ்டவுனுக்கு அடுத்து சிங்கப்பூரில் திறந்த இரண்டாவது முழுநேரக் கிளை நூலகம் இது. மக்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழித்தார்கள் என்று ஆராய வருகிறவர் புத்தகத்தைத் தொடும் முன்பே ஒரு சான்றுக்குள் நின்றுகொண்டிருக்கிறார். ஆனால் உள்ளே போய் அலமாரியில் தேடினால் இந்தக் கட்டடத்தின் கதை விளையாட்டுப் பகுதியில் இருக்காது. சிங்கப்பூர் வரலாற்றிலோ, வீடமைப்பிலோ, நூலகத் துறையின் நூல்களிலோ ஒரு பத்தியாகக் கிடக்கும்.

இந்தச் சிதறல்தான் இந்தப் பயணத்தின் பொருள். உலகின் பல பொது நூலகங்களைப் போல இங்கும் அடுக்குமுறை, மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட தசம வகைப்பாடு. அதில் பொழுதுபோக்குக்கு 790 என்று ஓர் எண் இருக்கிறது. அந்த வரிசையில் சதுரங்கம், சீட்டு, கால்பந்து, நீச்சல், நாடகம், சினிமா எல்லாம் இருக்கும். ஓய்வைச் சமூகவியலாகப் படிக்க வேண்டுமென்றால் 306-க்குப் போக வேண்டும். வேலை நேரம், விடுப்பு என்றால் 331, பூங்காவும் திடலும் நகரமைப்பின் 711, திருவிழா 394, சாப்பாடு 641, ஊர் சுற்றுவது 910. ஒரு மனிதன் தன் ஒரே விடுமுறை நாளில் செய்வதை முழுதாகப் படிக்க நூலகத்தின் முக்கால்வாசித் தளத்தை நடந்தே தீர வேண்டும். 790-ல் கிடைப்பவை பெரும்பாலும் ஒரு விளையாட்டை எப்படி ஆடுவது என்று சொல்லும் கையேடுகள். யார் ஆடினார்கள், யாருக்கு ஆட இடம் கிடைத்தது, யாருக்கு நேரமே கிடைக்கவில்லை என்ற கேள்விகளுக்கு அங்கே விடை குறைவு.

இதே வட்டாரத்து உணவங்காடி நிலையத்தில் காரட் கேக் விற்கிறார்கள். அதில் காரட்டும் இல்லை, அது கேக்கும் இல்லை. வெள்ளை முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து வேகவைத்து, துண்டாக்கி, முட்டையோடு வறுத்துத் தருகிற பலகாரம். ஹொக்கியன் பேச்சில் முள்ளங்கியையும் காரட்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால் வந்த பெயர். உள்ளூர்க்காரர் யாரும் ஏமாறுவதில்லை. பெயர்ப் பலகையை எப்படிப் படிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நூலகத்தின் பொருள் தலைப்புகளுக்கும் அப்படி ஓர் உள்ளூர்ப் பழக்கம் தேவைப்படுகிறது. அது இருக்கையில் அமர்ந்து பட்டியலைத் தட்டிப் பார்ப்பதால் மட்டும் வருவதில்லை என்பதும், ஊரை நடந்து பார்த்தால்தான் எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்பது புரிகிறது என்பதும் என் வாதம். தோ பாயோவிலிருந்து தெற்கே, விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள தேசிய நூலகம் வரையிலான வழி அதற்குப் போதுமான சான்று தருகிறது.

லோரோங் 6

தோ பாயோ என்றால் பெரிய சதுப்பு நிலம். ஹொக்கியனின் 'தோ'வும் மலாயின் 'பாயா'வும் சேர்ந்த பெயர். சதுப்பைத் தூர்த்து 1960-களின் நடுவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தானே முழுதாகத் திட்டமிட்டுக் கட்டிய முதல் நகரம் இது. குடும்பத்துக்கு இத்தனை அறை என்று கணக்கிட்டவர்களே நீச்சல் குளம், விளையாட்டரங்கம், ஏரியும் கோபுரமும் கொண்ட பூங்கா, புளோக்குகளுக்கு நடுவே சிறுவர் விளையாட்டிடம் என்று ஓய்வையும் கணக்கிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவருக்கு இது வேறுபாடாகத் தெரியும். நம் ஊர்களில் திண்ணையையும் ஆற்றங்கரையையும் டீக்கடை பெஞ்சையும் யாரும் வரைபடத்தில் ஓய்வுக்கென்று குறித்துவைக்கவில்லை. அவை ஓய்வுக்கான இடங்களானது பழக்கத்தால். ஆகவே நம் ஊர் ஓய்வைத் தேடுகிறவருக்கு அரசு ஆவணம் பெரிதாக உதவாது. இங்கோ ஆவணத்திலிருந்தே தொடங்கலாம். வீடமைப்புக் கழகத்தின் ஆண்டறிக்கையைப் பொழுதுபோக்கு நூலாக யாரும் அடுக்கமாட்டார்கள் என்றாலும், சிங்கப்பூர் ஓய்வின் வரலாற்றுக்கு அதைவிட முக்கியமான தொடர் ஆவணம் குறைவு.

லோரோங் 6-ல் நிற்கும் டிராகன் விளையாட்டிடத்தை எடுத்துக்கொள்வோம். கழகத்தின் வடிவமைப்பாளர் கோர் இயன் கீ உருவாக்கி 1979-ல் வந்தது. தலை முழுக்கச் சிறு ஓடுகள் பதித்து, உடலை இரும்பு வளையங்களால் செய்து, கீழே மணல் பரப்பிய டிராகன். பின்னால் வந்த விளையாட்டிடங்களில் மணல் போய் ரப்பர் விரிப்பும், கான்கிரீட் போய் பிளாஸ்டிக்கும் வந்தன. இது இன்னும் மணலோடு நிற்கிறது. இதைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் வடிவமைப்பு, மரபுடைமை, நினைவேக்கம் என்ற தலைப்புகளில் நிறையக் கிடைக்கும். செய்தவர் யார், ஓடு ஏன், மணல் ஏன் போயிற்று என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அங்கே பிள்ளைகள் என்ன விளையாட்டு விளையாடினார்கள், எந்த மொழியில் சண்டை போட்டார்கள், பெண் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீட்டுக்கு அழைக்கப்பட்டார்கள் என்பது பதிவாகவில்லை. பொருளைச் செய்தவருக்கு ஓர் அலுவலகம் இருந்தது, அலுவலகம் தாள் வைத்திருக்கும். ஆடியவர்களுக்கு அது கிடையாது.

புளோக்குகளின் தரைத்தளத்தை வீடு கட்டாமல் திறந்து விட்டிருக்கிறார்கள். வாய்ட் டெக் என்று எல்லா மொழிக்காரர்களும் சொல்வது இதைத்தான். மலாய்க் கல்யாணம், சீனர்களின் சாவு வீடு, கேரம் போர்டு, கல்மேசையில் சீனச் சதுரங்கம் எல்லாமே அங்கே நடக்கும். மாலையில் முதியவர்கள் ஆடும்போது பார்க்க நிற்பவர்களே ஆடுகிறவர்களைவிட அதிகமாகப் பேசுவார்கள். இந்தப் பேச்சைத் தேடி எந்த அலமாரிக்குப் போவது? தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்துக்கு. அந்தப் பணி 1979-ல் தொடங்கியது, டிராகனின் வயதுதான் அதற்கும். அரசியல், போர்க்காலம், தொழில் என்று பேட்டிகள் தலைப்பிடப்பட்டிருந்தாலும், பேசியவர்கள் தங்கள் இளமையைப் பற்றிச் சொல்லும்போது படம் பார்த்ததும் பட்டம் விட்டதும் தானாக வந்து விழுகின்றன.

பாலஸ்டியர் சாலை

தோ பாயோவுக்குத் தெற்கே பாலஸ்டியர் சாலையில் சங்கங்கள் வரிசையாக இருக்கின்றன. சிங்கப்பூர் இந்தியர் சங்கம் 1923-ல் தோன்றியது, சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப் 1928-ல். கிரிக்கெட்டும் ஹாக்கியும் ஆடிய, ஆண்டுவிழா நடத்திய, நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்த ஓய்வு இங்கே இருந்தது. சங்கம் என்றால் செயலாளர் உண்டு, செயலாளர் என்றால் தீர்மானப் புத்தகம் உண்டு, ஐம்பதாம் ஆண்டில் ஒரு மலரும் உண்டு. ஆகவே ஆங்கிலம் படித்த எழுத்தர், ஆசிரியர், அதிகாரி ஆகியோரின் மாலை நேரம் நூலகத்தில் நன்றாகவே கிடைக்கிறது. அதே ஆண்டுகளில் துறைமுகத்திலும் நகராட்சியிலும் வேலை செய்த தமிழ்க் கூலிகளின் மாலை நேரம் கிடைப்பதில்லை. அவர்களுக்கும் மாலை நேரம் இருந்தது. குழு இல்லை, அவ்வளவுதான். ஓய்வைப் பற்றிய நூலக ஆய்வு இந்தச் சாலையோடு நின்றுவிட்டால், தமிழர்கள் சிங்கப்பூரில் கிரிக்கெட் ஆடித்தான் இளைப்பாறினார்கள் என்ற முடிவுக்கு ஒருவர் நேர்மையாகவே வந்து சேரலாம்.

ஃபேரர் பார்க்

1842-ல் இங்கே குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதன் மிச்சம். 1911-ல் சிங்கப்பூரின் முதல் விமானம் எழும்பியது இந்தத் திடலிலிருந்து. பந்தயம் 1933-ல் புக்கிட் தீமாவுக்குப் போனபின் திடல் பொதுமக்களின் விளையாட்டுக்கு வந்தது. 1942 பிப்ரவரியில் சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் கூட்டி நிறுத்தியதும் இங்கேதான். இந்திய தேசிய ராணுவத்தின் தொடக்கம் அங்கே. நூலகத்தில் ஃபேரர் பார்க் என்று தேடுகிறவருக்குப் போர் வரலாறு குவிந்து வரும், கால்பந்து ஒதுங்கியே வரும். ஒரு நாள் நடந்த கூட்டத்துக்கு ஓர் அலமாரி, அதற்கு முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான மாலைகளில் நடந்த ஆட்டத்துக்கு ஒரு வரி. இது யாருடைய சதியும் இல்லை. திரும்பத் திரும்ப நடப்பதை எழுதிவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

சற்றுத் தள்ளி, கிச்சனர் சாலையில் 1923-ல் திறந்த நியூ வேர்ல்டு பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. மல்யுத்தம், பங்சாவான் நாடகம், ரோங்கெங் நடனம், காபரே, சாப்பாட்டுக் கடை என்று எல்லாச் சாதி ஜனமும் ஒரே வாசலில் நுழைந்த இடம். மல்யுத்த வீரர்கள் கிங் காங்கும் தாரா சிங்கும் மோதிய ஊர் இது. இன்று அந்த இடத்தில் சிட்டி ஸ்கொயர் மால். பூங்காவின் பழைய வாயில் மட்டும் அடையாளத்துக்கு நிற்கிறது. இதன் கதையை அறியச் சிறந்த இடம் நாளேட்டின் விளம்பரப் பக்கம். தேசிய நூலக வாரியம் மின்னாக்கி வைத்திருக்கும் பழைய நாளிதழ்களில், தலையங்கம் எழுதியவருக்கு முக்கியமாகப் படாத மல்யுத்த அறிவிப்பு, நுழைவுக் கட்டணம், படத்தின் காட்சி நேரம் எல்லாம் நாள் தவறாமல் இருக்கின்றன. கோ. சாரங்கபாணி 1935-ல் தொடங்கிய தமிழ் முரசின் சினிமா விளம்பரங்களைக் கோத்துப் பார்த்தால், இந்த வட்டாரத்துத் தமிழன் எந்த வாரம் எங்கே போனான் என்பதை ஓரளவு வரைந்துவிடலாம். கொட்டகை வாசலில் காகிதக் கூம்பில் கடலை விற்ற கச்சாங் பூத்தே வியாபாரிகள் பெரும்பாலும் தமிழர்கள். அவர்களைப் பற்றி விளம்பரம் எதுவும் இராது. அதற்கு மறுபடி வாய்மொழிப் பதிவுக்குத்தான் போக வேண்டும். ஒருவனின் பொழுதுபோக்கு இன்னொருவனின் பிழைப்பு என்பதால், இரண்டும் வெவ்வேறு எண்ணில் இருக்கின்றன.

தேக்கா

ஞாயிறு பிற்பகலில், தேக்கா என்று தமிழர்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவில் நடப்பது தமிழ்நாட்டு மாவட்டத் தலைநகரின் சந்தை நாளைப் போலத் தோன்றும், ஆனால் கூட்டத்தில் பெண்களும் குழந்தைகளும் குறைவு. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் ஆறு நாள் வேலை செய்த தமிழக, வங்கதேச ஊழியர்கள் தொலைதூர விடுதிகளிலிருந்து வருகிறார்கள். பணம் அனுப்புவது, ஊர்க்காரனைப் பார்ப்பது, முடி வெட்டுவது, தேக்கா ஈரச்சந்தைக்குப் பின்னால் புல்வெளியில் செய்தித்தாளை விரித்து உட்காருவது, பொட்டலம் பிரித்துச் சாப்பிடுவது, வீடியோவில் பிள்ளை முகம் பார்ப்பது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலை போட்டு மீன்தலைக் கறி பரிமாறும் உணவகங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள்: குடும்பங்கள், சுற்றுலாப் பயணிகள். அந்தக் கறி சிங்கப்பூரிலேயே பிறந்தது, இந்தியாவிலிருந்து வந்ததல்ல. அதைப் பற்றிச் சமையல் நூல்கள் இருக்கின்றன. புல்வெளிப் பொட்டலத்துக்கு எந்த நூலும் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நூலகத்தில் கிடைக்கும் மிக விரிவான ஆவணம் எது? ஒரு கலவரத்தின் விசாரணை அறிக்கை. 2013 டிசம்பர் 8-ம் தேதி இரவு, ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷையர் ரோடும் சந்திக்கும் இடத்தில் ஒரு தமிழ் ஊழியர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். தொடர்ந்து கலவரம் மூண்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான குழு 2014-ல் அறிக்கை தந்தது. அவர்கள் எந்தப் பேருந்தில் வந்தார்கள், எங்கே வரிசையில் நின்றார்கள், எங்கே குடித்தார்கள், இந்த இடத்துக்கே ஏன் வருகிறார்கள் என்று ஓர் ஓய்வுநேர ஆய்வாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அந்த விசாரணை கேட்டது. விடுதிகளுக்கு அருகிலேயே கடைகளும் பொழுதுபோக்கு மையங்களும் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஆனால் அது சட்டம் ஒழுங்கின் அலமாரிக்கு உரியது. 2015-ல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொது இடங்களில் இரவு 10.30-க்கு மேல் குடிப்பதைத் தடை செய்தது, லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாக்கியது. அதுவும் சட்டம். கொவிட் காலத்தில் ஊழியர்கள் விடுதிகளுக்குள் அடைபட்டார்கள். 2022 ஜூனிலிருந்து ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்கு வர அனுமதிச் சீட்டு கேட்கப்பட்டது. அது மனிதவள அமைச்சின் சுற்றறிக்கை. வீட்டுப் பணிப்பெண்களுக்கு வார விடுப்பு 2013 முதல் வழங்கப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட வேலை அனுமதிகளில் கட்டாயமானது. மாதத்தில் ஒரு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது என்ற விதி 2023-ல் வந்தது. அதுவும் உழைப்பின் 331. வசதியுள்ளவரின் ஓய்வு விளையாட்டு என்று அடுக்கப்படுகிறது, வசதியில்லாதவரின் ஓய்வு அனுமதி என்றும் குற்றம் என்றும் அடுக்கப்படுகிறது. டூயி இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. உலகம் தாள்களை உருவாக்கும் விதமே அப்படி, எண் அதைப் பின்தொடர்கிறது.

வீடு, கூலி, உடல்நலம் என்று ஆராய எத்தனையோ இருக்க, புல்வெளியில் உட்காருவதை ஆராய்வது வெட்டிவேலை இல்லையா என்று ஒருவர் கேட்கக்கூடும். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கூலி பாக்கி நிற்கும் ஒருவனிடம் உன் பொழுதுபோக்கு என்ன என்று கேட்பது கேலியாகக்கூட ஆகலாம். ஆனால் மேலே சொன்ன சட்டங்கள் எல்லாமே புல்வெளியில் உட்காருவதைப் பற்றியவை. எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி வரை, யார் அனுமதியோடு என்பதற்குத்தான் நாடாளுமன்றம் கூடியது. ஓய்வு அற்பம் என்றால் அதை ஒழுங்குபடுத்த இவ்வளவு தாள் செலவாகியிருக்காது. ஊழியர்கள் தாங்களே உருவாக்கிய சான்றும் கொஞ்சம் உண்டு. ரோவல் சாலையில் 2011-ல் வங்கதேச ஊழியர்களுக்கென்று 'திபாஷ்ரம்' என்ற பண்பாட்டு இடம் தோன்றியது. 2014-ல் வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி தொடங்கியது. விடுதிக் கட்டிலில் வேலை முடிந்து எழுதிய அந்தக் கவிதைகள் நூலான பிறகு இலக்கியத்தின் 800-களில் நிற்கின்றன.

விக்டோரியா ஸ்ட்ரீட்

தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது 2005-ல் திறந்த தேசிய நூலகக் கட்டடம். லீ கோங் சியான் மேற்கோள் நூலகம் அதன் மேல் தளங்களில். சிங்கப்பூரில் வெளியாகும் எந்த நூலின் இரு பிரதிகளையும் நான்கு வாரத்துக்குள் பதிப்பாளர் இங்கே ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். தமிழுக்கு இந்த ஊர் செய்திருப்பது கொஞ்சமல்ல. 1887-ல் தொடங்கிய 'சிங்கை நேசன்' இதழ் மின்னாக்கத்தில் இருக்கிறது. சுதந்திரத்தின் 50-ம் ஆண்டான 2015-ல், அருண் மகிழ்நன் முன்னின்று நடத்திய மின்மரபுத் திட்டத்தின் வழியாக ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் மின்னாக்கம் பெற்றது. பின்னர் நாடகமும் நடனமும் இசையும் சேர்ந்தன. தமிழ்நாட்டில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் முதலாவது அது. சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆனாலும் நம் ஊரின் பழைய நாடக நோட்டீசைக் கிளை நூலகத்தில் கேட்டால் கிடைக்காது.

இவ்வளவு மின்னாக்கம் வந்தபின் அலமாரி எண்ணைப் பற்றிக் கவலைப்படுவது பழைய பஞ்சாங்கம், சொல்லைத் தட்டினால் எல்லாம் வந்துவிடுமே என்பது அடுத்த மறுப்பு. தேடல் பெட்டியின் உதவி பெரியது, அதை மறுக்க முடியாது. நாளேட்டு விளம்பரங்களை அது இல்லாமல் கோக்க ஆண்டுகள் ஆகும். ஆனால் பெட்டிக்கு ஒரு சொல் வேண்டும். 'ஓய்வு' என்று தட்டினால் பணி ஓய்வு பெற்றவர்களின் பாராட்டு விழா வரும். 'பொழுதுபோக்கு' என்றால் வானொலி நிகழ்ச்சி வரும். தேக்காவுக்கு வருகிற ஊழியர் இரண்டு சொல்லையும் சொல்வதில்லை. 'சண்டே தேக்கா போறேன்' என்றுதான் சொல்கிறார். சண்டே, ரூம்மேட், பஸ், கம்பெனி லீவு, பாஸ் என்ற சொற்களைத் தெரிந்துகொண்டு போனவருக்குத்தான் பெட்டி திறக்கும். அந்தச் சொற்கள் கிடைக்கும் இடம் புல்வெளி.

பொருள்களைப் பல கோணத்தில் பிரித்துச் சேர்க்கும் ஒரு வகைப்பாட்டை உலகுக்குத் தந்தவர் சீர்காழிக்காரர், சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ். ஆர். ரங்கநாதன். லண்டன் கடையொன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொம்மையைக் கண்டதிலிருந்து அந்த யோசனை பிறந்தது என்பது நூலகத் துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. ஒரே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டிப் பல உருவம் செய்யலாம். 1933-ல் வந்த அவரது கோலன் வகைப்பாட்டில் பொருள், இடம், காலம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறித்துக் கோக்க முடியும். ஞாயிறு, ஹாம்ப்ஷையர் ரோடு, கட்டுமான ஊழியர், சாப்பாடு, சட்டம் என்று துண்டுகளைப் பூட்டுவது ஆய்வாளரின் வேலை. எந்த நூலகமும் அதைச் செய்து வைத்திருக்க முடியாது.

எந்த முறையில் அடுக்கினாலும் சேகரிக்காததை அடுக்க முடியாது என்பது உண்மைதான். சேகரிப்பதற்கு முன்னுதாரணம் தமிழ்நாட்டின் கோட்டையூரில் இருக்கிறது. பெயர்ப்பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். அந்தச் சேகரமே 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. தமிழர்கள் பொழுதை எப்படிக் கழித்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இன்றும் அதைத் தேடிப் போகிறார்கள். தேக்காவில் ஞாயிறுதோறும் கையில் திணிக்கப்படும் பணம் அனுப்பும் விகிதச் சீட்டு, விடுதிப் பேருந்தின் நேர அட்டவணை, படக்காட்சி நோட்டீஸ் ஆகியவற்றை அச்சிட்டவர் யாரும் இரண்டு பிரதியை எடுத்துக்கொண்டு விக்டோரியா ஸ்ட்ரீட்டுக்கு நடப்பதில்லை. பதினைந்து நிமிட நடைதான். திங்கள் காலை அவற்றைச் சிராங்கூன் சாலையிலிருந்து கூட்டுகிறவரும் பெரும்பாலும் வெளிநாட்டு ஊழியர்தான்.